சிறுநீரகத் தொற்றைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டறிவது: சிறிய லேப்களுக்கான முழுமையான வழிகாட்டி

குளிர் ஜுரத்தோடு வந்தவரின் சிறுநீரைப் பார்த்து "பஸ் செல்ஸ் (சீழ் செல்கள், அதாவது வெள்ளை அணுக்கள்) 10–15" என்று எழுதிக் கொடுப்பது சுலபம். அந்தச் செல்கள் சிறுநீரகத்திலிருந்து இறங்கியவையா, சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட தொற்றா, வெள்ளைப்படுதல் கலந்ததா என்று பிரித்தறிய டாக்டருக்கு உதவுவதுதான் கஷ்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சின்ன லேப்களிலும் புதிதாகச் சேரும் டெக்னீசியன்களுக்கும், மாதிரி வாங்கித் தரும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இது சிறுநீரகத் தொற்றுதான் என்று தன்னந்தனியாகச் சொல்லிவிடும் அடையாளம் சிறுநீரில் எதுவும் கிடையாது. ஐந்தாறு அடையாளங்களை வரிசையாகப் பார்த்து, நோயாளியின் உடம்பு சொல்வதோடு சேர்த்துப் படித்தால்தான் பதில் வரும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும், சிறுநீரில் முக்கி நிறமாற்றம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நனைப்பதற்கு முன்னால்தான். அதனால் அந்தப் பகுதியை விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. சீட்டில் என்ன தொந்தரவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டும்போல் அவசரம், அடிவயிற்று வலி ஆகியவை சிறுநீர்ப்பையின் தொந்தரவுகள். அதோடு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உதறல், குமட்டல், வாந்தி, முதுகில் கடைசி விலாவுக்குக் கீழே வலி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். சிலருக்கு நீர்க்கடுப்பே இருக்காது, காய்ச்சலும் முதுகு வலியும் மட்டும்தான்.

நடவு சமயத்தில் இது எளிதில் தவறிப்போகும். "குனிஞ்சு நட்டதுல இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்று நோயாளியே சொல்லிவிடுவார். வேலை செய்த வலி அசையும்போது கூடும், படுத்தால் குறையும், காய்ச்சல் தராது. சிறுநீரக வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். கடைசி விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலையில் உள்ளங்கையை வைத்து அதன்மேல் லேசாகக் குத்தினால் ஆள் சட்டென்று விலகுவார். இதைச் சோதிப்பது டாக்டர்தான், ஆனால் சீட்டில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் கேட்டு எழுதிக்கொள்வது உங்கள் வேலை.

காரணம் இதுதான்: தொந்தரவு எதுவுமே இல்லாத வயதானவர்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் பலருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். அறிகுறி தெரியாமல் வெறும் சிறுநீரை மட்டும் பார்த்தால் அது தொற்றாகத்தான் தெரியும். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கில் போய் முடியும்.

தொடர்ந்து வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல், மனக்குழப்பம், சிறுநீர் குறைந்துபோதல் இருந்தாலோ, காய்ச்சலோடு வந்தவர் கர்ப்பிணியாக இருந்தாலோ ரிப்போர்ட்டுக்காக அவரை உட்கார வைக்காதீர்கள். மாதிரியை வாங்கிக்கொண்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 108 தேவைப்படலாம்.

2. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

ஆல்புமின், சுகர் மட்டும் உள்ள இரண்டு கட்ட ஸ்ட்ரிப் இந்த வேலைக்கு உதவாது. லூக்கோசைட் (வெள்ளை அணு), நைட்ரைட் கட்டங்கள் உள்ள பத்து கட்ட ஸ்ட்ரிப் வேண்டும். டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். வேதாரண்யம், நாகை மாதிரி கடலோர ஊர்களின் ஈரக்காற்று பட்டாலே நைட்ரைட் கட்டம் தானாக இளஞ்சிவப்பாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலும் டப்பாவுக்குள் ஈரம் கோக்கும்.

இவற்றோடு, கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஸ்டெரைல் டப்பாக்கள், சாதா மாதிரிக்கு அகன்ற வாய் டப்பாக்கள், சென்ட்ரிஃப்யூஜ், ஸ்லைடு, கவர் ஸ்லிப், 2 சதவீத அசிட்டிக் ஆசிட், நொடி காட்டும் கடிகாரம், ஐஸ் பேக் வைக்கும் பெட்டி ஆகியவை வேண்டும். தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியை ஒருபோதும் சிறுநீருக்கு எடுக்காதீர்கள். மாதிரிக்கென்று தனிப் பெட்டி வாங்கி, வெளியே பெரிதாக எழுதி வையுங்கள்.

கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் இருக்கின்றனவா என்று காலையிலேயே பாருங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் வாங்கிய மாதிரிகள் எல்லாம் தோல் செல்களால் நிறைந்திருக்கும்.

3. டப்பா கொடுக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

"கடைசியா எப்பக்கா ஒன்னுக்குப் போனீங்க?"

"இப்பதான் தம்பி, பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் போயிட்டு வந்தேன்."

இந்த ஒரு பதிலே அன்றைய நைட்ரைட் கட்டத்தைப் பயனற்றதாக்கிவிடும். சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றுவதற்குச் சிறுநீர் பையில் 4 மணி நேரமாவது தங்க வேண்டும். அதனால்தான் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் மாதிரியை வாங்கிக்கொண்டு, "பையில் தங்கிய நேரம் 1 மணிக்குள்" என்று சீட்டில் எழுதுங்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரைக் காலை வரை காக்க வைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி மாத்திரை. "ஒன்னும் போடல" என்பார்கள், கொஞ்சம் பொறுத்து "மெடிக்கல்ல ரெண்டு குடுத்தாங்க" என்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். முந்தானை முடிச்சிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று வரும், பெயர் இருந்த பக்கம் போயிருக்கும், 500 என்ற எண் மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள்: "பெயர் தெரியாத மாத்திரை 500, நேற்று இரவு ஒன்று." ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை உள்ளே போனாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

ஆன்டிபயாட்டிக்கோடு இன்னும் சிலவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

லிம்சி மாதிரியான வைட்டமின் சி மாத்திரைகளும், வைட்டமின் சி சேர்ந்த பி காம்ப்ளக்ஸ் காப்ஸ்யூல்களும் அதிகம் சாப்பிட்டிருந்தால் நைட்ரைட், ரத்தம், லூக்கோசைட் கட்டங்கள் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்.

நீர்க்கடுப்புக்குத் தரும் சிட்ரால்கா போன்ற சிரப் சிறுநீரைக் காரமாக்கிவிடும். காரமான சிறுநீரில் காஸ்ட் (சிறுநீரக நுண்குழாயின் வடிவில் உறைந்த புரதத் துண்டு, எட்டாம் பகுதியில் வரும்) கரையும், ஆல்புமின் கட்டம் பொய்யாகப் பச்சையாகும்.

நீர்க்கடுப்பு எரிச்சலுக்குத் தரும் பைரிடியம் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகும், ஸ்ட்ரிப்பின் நிறத்தையே நம்ப முடியாது.

மூன்றாவது, பெண்களிடம் மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் பற்றிக் கேட்பது. அதைச் செவிலியர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சரியான பதில் வரும். கூட்டத்தின் நடுவே ஜன்னல் வழியாகக் கேட்டால் வராது.

4. மாதிரி எடுக்கச் சொல்லிக் கொடுப்பது

"நடுவுல வர்றத பிடிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் கை கழுவ வேண்டும். பெண்கள் வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, பிறப்புறுப்பின் உதடுகளை விரல்களால் விலக்கிப் பிடித்தபடியே சிறுநீர் கழிக்க வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நிறுத்தாமல் டப்பாவை நீட்டி நடுப்பகுதியைப் பிடித்து, கடைசியை மறுபடி கீழே விட வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது.

முதலில் வருவதைத் தள்ளுவதற்குக் காரணம், சிறுநீர்க் குழாயின் வாயில் இயல்பாகவே இருக்கும் கிருமிகளையும் செல்களையும் அது கழுவிக்கொண்டு வந்துவிடும் என்பதுதான். கழுவ டெட்டால் வேண்டாம். அது கலந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

வீட்டிலிருந்து டானிக் பாட்டிலில் கொண்டுவருவதை வாங்காதீர்கள். அடியில் ஒட்டிய சிரப் சர்க்கரை காட்டலாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பாட்டில் என்றால் ரத்தமே இல்லாமல் ரத்தக் கட்டம் பச்சையாகும். காலைச் சிறுநீர் வேண்டுமென்றால் முந்தின நாளே டப்பாவைக் கொடுத்தனுப்புங்கள்.

மூடியில் பெயர் எழுதும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். மூடிகள் மாறிப்போகும். டப்பாவின் உடம்பில் பெயர், வயது, எண், எடுத்த நேரம் நான்கையும் எழுதுங்கள். கர்ப்பிணி என்றால் பிக்மி எண்ணையும் (கர்ப்பிணிப் பதிவு எண்) சேருங்கள். எடுத்த நேரம் எழுதாத டப்பாவை நான் பரிசோதனைக்கு எடுக்கவே மாட்டேன், ஏனென்று அடுத்த பகுதி சொல்லும்.

5. நேரமும் வெயிலும்

அறை வெப்பத்தில் வைத்த மாதிரியை 1 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். 2 மணி நேரம் கடைசி எல்லை. முடியாதென்றால் உடனே 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். கல்ச்சருக்கு 24 மணி நேரம் வரை அப்படி வைக்கலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் மேசை மேல் இருக்கும் சிறுநீரில் ஈ.கோலை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு 1,000 இருந்தது 4 மணி நேரத்தில் 2,56,000 ஆகிவிடும். வழியில் ஒட்டிய கிருமி, ரிப்போர்ட்டில் பெரிய தொற்றாக நிற்கும். அதே நேரத்தில் வெள்ளை அணுக்கள் உடையும், காஸ்ட் கரையும். இல்லாதது முளைக்கும், இருந்தது மறையும்.

காலை 8 மணிக்கு வாங்கிய மாதிரிகளை ஓ.பி. கூட்டம் முடிந்து 12 மணிக்குப் பார்ப்பதுதான் சிறிய இடங்களில் நான் அதிகம் காணும் பிழை. ஆல்புமின், சுகருக்கான மாதிரிகள் கொஞ்சம் பொறுக்கும். காய்ச்சல் என்று எழுதிய சீட்டோடு வந்த டப்பா பொறுக்காது. அதை முதலில் எடுங்கள்.

ஃபிரிட்ஜில் இருந்ததை அப்படியே ஸ்ட்ரிப்பில் பார்க்காதீர்கள். லூக்கோசைட் கட்டம் என்சைமால் வேலை செய்வது, குளிரில் மந்தமாகிவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நன்றாகக் கலக்கிவிட்டு ஸ்ட்ரிப்பை நனையுங்கள்.

6. கல்ச்சருக்கான பங்கை முதலில் பிரியுங்கள்

ஸ்ட்ரிப்பை நனைத்த டப்பாவிலிருந்து கல்ச்சர் போடக் கூடாது, ஸ்ட்ரிப் ஸ்டெரைல் இல்லை. ஆகவே மாதிரி வந்ததும் ஸ்டெரைல் டப்பாவில் ஒரு பங்கை எடுத்து மூடி, ஐஸ் பெட்டியில் வைத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள். ஸ்ட்ரிப்பும் மைக்ரோஸ்கோப்பும் எதைச் சொன்னாலும் இந்தப் பங்கு பத்திரமாக இருக்கும்.

போரிக் ஆசிட் உள்ள டியூப் கிடைத்தால் கோடு வரை நிரப்புங்கள். குறைவாக ஊற்றினால் மருந்தின் செறிவு கூடிக் கிருமியையே கொன்றுவிடும். அந்த டியூபிலிருந்து ஸ்ட்ரிப் பார்க்காதீர்கள், லூக்கோசைட் கட்டம் தவறும்.

7. ஸ்ட்ரிப்பைப் படிப்பது

கட்டங்கள் முழுக்க நனையும்படி முக்கி உடனே எடுங்கள். விளிம்பை டப்பா வாயில் இழுத்து, பக்கவாட்டை டிஷ்யூவில் ஒற்றி, படுக்கை வசத்தில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் ரசாயனம் அடுத்ததில் வழியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் வேறு, டப்பாவின் லேபிளில் இருக்கும். பெரும்பாலான பிராண்டுகளில் நைட்ரைட்டுக்கு 60 நொடி, லூக்கோசைட்டுக்கு 120 நொடி. எல்லாவற்றையும் 60 நொடியில் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டால் லூக்கோசைட் குறைவாகத்தான் தெரியும்.

லூக்கோசைட்: வெள்ளை அணுக்களில் உள்ள எஸ்டரேஸ் என்ற என்சைமைக் காட்டுகிறது. அணுக்கள் உடைந்திருந்தாலும் காட்டும் என்பது இதன் பலம். சர்க்கரை மிக அதிகமான சிறுநீர், கெட்டியான சிறுநீர், செஃபலெக்சின், டெட்ராசைக்ளின் ஆகியவை இதைக் குறைத்துக் காட்டும். வெள்ளைப்படுதல் கலந்தால் கூட்டிக் காட்டும்.

நைட்ரைட்: கட்டம் முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பானால் பாசிட்டிவ், எவ்வளவு வெளிறியிருந்தாலும் சரி. விளிம்பில் மட்டும் நிறம், புள்ளி புள்ளியாக நிறம் என்றால் பாசிட்டிவ் இல்லை. நல்ல மாதிரியில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் தொற்று இல்லை என்று எழுதவே கூடாது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் நைட்ரைட்டை உண்டாக்கும். என்டெரோகாக்கஸ் உண்டாக்காது. பூஞ்சையும் உண்டாக்காது. கீரை, காய் சேராமல் கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்கும் காய்ச்சல்காரரின் சிறுநீரில் மாற்றுவதற்கு நைட்ரேட்டே குறைவாக இருக்கும்.

ஸ்பெசிஃபிக் கிராவிட்டி: சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் இது, புதியவர்கள் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் கட்டம். நம் பக்கத்தில் இதற்கு மதிப்பு அதிகம். விடியற்காலை வயலில் இறங்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய சிறுநீர் 1.030 காட்டும். அவ்வளவு கெட்டியில் லூக்கோசைட் கட்டமும் நைட்ரைட் கட்டமும் மந்தமாகும். அங்கே லேசான தடயத்தைக்கூட எடுத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

ஆல்புமின்: காய்ச்சலே 1+ வரை காட்டலாம், சிறுநீரகத் தொற்றிலும் அவ்வளவுதான் வழக்கம். 3+ வந்தால் வேறு சிறுநீரக நோயையும், கர்ப்பிணி என்றால் ரத்த அழுத்தத்தையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

பி.ஹெச். (சிறுநீரின் அமில, காரத் தன்மை): புதிய மாதிரியில் 8 அல்லது அதற்கு மேல் என்றால் புரோட்டியஸ் போன்ற யூரியாவை உடைக்கும் கிருமியையும், அதனால் உண்டாகும் கல்லையும் நினைக்க வேண்டும். சிரப் குடித்தாரா, மாதிரி பழையதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

8. மைக்ரோஸ்கோப்: சிறுநீரகத்தின் கையெழுத்து இங்கேதான்

ஸ்ட்ரிப்பில் வரும் எதுவும் தொற்று மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று சொல்லாது. வெள்ளை அணு காஸ்ட் சொல்லும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சுரக்கும் யூரோமோடுலின் என்ற புரதம் அங்கேயே உறைந்து, இடியாப்ப உரலின் கண்ணில் மாவு பிதுங்குவதுபோல் குழாயின் வடிவத்திலேயே வெளியே வருகிறது. அந்தக் குழாயில் வெள்ளை அணுக்கள் இருந்தால் அவையும் அதற்குள் பதிந்துவிடும். சிறுநீர்ப்பையில் காஸ்ட் உண்டாக வழியே இல்லை.

10 மில்லி சிறுநீரை 400 ஜி விசையில் 5 நிமிடம் சுற்றுங்கள். மேசை சென்ட்ரிஃப்யூஜ்களில் இது ஏறக்குறைய 1,500 முதல் 2,000 சுற்று வரும். வேகத்தைக் கூட்டினால் காஸ்ட் நொறுங்கும். அது தானாக நிற்கட்டும், கையால் பிடித்து நிறுத்தினால் படிந்தது மறுபடி கலங்கிவிடும். மேலே உள்ளதைக் கொட்டி, அடியில் அரை மில்லி விட்டு, மெதுவாகத் தட்டிக் கலக்கி ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துக் கவர் ஸ்லிப் போடுங்கள்.

நேராக ஹை பவருக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. முதலில் லோ பவர், வெளிச்சத்தைக் குறைத்து, கண்டென்சரை இறக்கி வைத்துப் பாருங்கள். காஸ்ட் கண்ணாடி மாதிரி மங்கலானது, முழு வெளிச்சத்தில் தெரியாமலே போய்விடும். கவர் ஸ்லிப்பின் ஓரங்களில் ஒதுங்கும் இயல்பு அதற்கு உண்டு. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு "காஸ்ட் இல்லை" என்று எழுதாதீர்கள், நான்கு ஓரமும் போய் வாருங்கள். நீளமாக எதையாவது கண்டால் அப்போது ஹை பவருக்கு மாற்றுங்கள்.

காஸ்டுக்கு இரண்டு பக்கக் கோடுகளும் இணையாக ஓடும், முனை உருண்டிருக்கும், செல்கள் அந்த எல்லைக்குள் பதிந்திருக்கும். வெள்ளை அணுக்கள் வெறுமனே ஒட்டிக்கொண்ட குவியலுக்கு அப்படி எல்லைக்கோடு இருக்காது. சளி இழை முனையில் கூர்ந்து போகும், துணி நூல் பளபளக்கும். உள்ளே இருப்பது வெள்ளை அணுவா, குழாயின் உட்சுவர்ச் செல்லா என்று சந்தேகமாக இருந்தால் கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டிக் ஆசிட் விடுங்கள். வெள்ளை அணுவின் பிளவுபட்ட உட்கரு துலங்கும். சிவப்பணு கரைந்துவிடும், ஈஸ்ட் அப்படியே நிற்கும்.

ஹை பவரில் பத்து வட்டங்களாவது எண்ணிச் சராசரி எழுதுங்கள். வட்டத்துக்கு 5க்கு மேல் வெள்ளை அணு என்றால் கூடுதல். தட்டையான தோல் செல்கள் ஏராளமாக இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு மாதிரியைத் திரும்பக் கேளுங்கள், அந்த வெள்ளை அணுக்கள் எங்கிருந்து வந்தன என்று யாராலும் சொல்ல முடியாது.

காஸ்ட் இல்லை என்பதால் சிறுநீரகத் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. உறுதியான தொற்றிலும் பல மாதிரிகளில் அது கிடைப்பதில்லை. கிடைத்தால் அதற்கு எடை அதிகம், அவ்வளவுதான்.

சென்ட்ரிஃப்யூஜ் செய்யாத சிறுநீரில் ஒரு சொட்டை உலர்த்தி கிராம் சாயம் போட்டுப் பார்க்கவும் பழகுங்கள். ஆயில் இம்மெர்ஷனில் வட்டத்துக்கு ஒரு கிருமி தெரிந்தால் மில்லிக்கு ஏறக்குறைய 1 லட்சம் என்று பொருள். கல்ச்சர் வரும் முன்பே சிவப்புக் குச்சியா, ஊதா உருண்டையா என்று டாக்டருக்குச் சொல்லிவிடலாம்.

9. சேர்த்துப் படிப்பது

காய்ச்சலும் விலாவடி வலியும் இருந்து, லூக்கோசைட், நைட்ரைட் இரண்டும் பாசிட்டிவ் என்றால் டாக்டர் சிறுநீரகத் தொற்றாக எடுத்துக்கொண்டு கல்ச்சர் அனுப்பிவிட்டு வைத்தியத்தைத் தொடங்குவார். காஸ்டும் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

லூக்கோசைட் பாசிட்டிவ், நைட்ரைட் நெகட்டிவ் என்றால் மூன்றாம் பகுதியின் கேள்விகளுக்குத் திரும்புங்கள்: பையில் தங்கிய நேரம், மாத்திரை, வைட்டமின் சி. அவற்றில் காரணம் இல்லையென்றால் நைட்ரைட் உண்டாக்காத கிருமி, கல், காசநோய் ஆகியவை காரணமாக இருக்கலாம். வலி மாத்திரையாலும் ஆன்டிபயாட்டிக்காலும் சிறுநீரகத் திசு அழற்சி வரலாம், அதில் கிருமியே இல்லாமல் வெள்ளை அணு காஸ்ட் வரும்.

இந்த வரிசையில் டெல்டாக்காரர் மறக்கக் கூடாதது எலிக்காய்ச்சல். சேற்றில் வெறுங்காலோடு நின்றவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்து, சிறுநீரில் ஆல்புமினும் வெள்ளை அணுவும் சிவப்பணுவும் இருந்து, நைட்ரைட் நெகட்டிவ், சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் அது லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். சம்பா நடவு, அடைமழைக் காலத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுக்கும்போது "வயல் வேலை" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். ரத்தத்தில் அதற்கான பரிசோதனையை டாக்டர் கேட்பார்.

லூக்கோசைட் நெகட்டிவ், நைட்ரைட் மட்டும் பாசிட்டிவ் என்றால் முதலில் பழைய மாதிரி, காற்றுப்பட்ட ஸ்ட்ரிப் இரண்டையும் சந்தேகப்படுங்கள். புது மாதிரியில், புது டப்பா ஸ்ட்ரிப்பில் திரும்பப் பாருங்கள்.

இரண்டும் நெகட்டிவ், ஆனால் நோயாளி உதறுகிறார், ஒரு பக்கம் வலியில் துடிக்கிறார். ஆபத்து அதிகம் இங்கேதான். கல் ஒன்று குழாயை முழுவதும் அடைத்திருந்தால் தொற்றுள்ள சிறுநீரகத்தின் சிறுநீர் கீழே இறங்கவே இறங்காது. டப்பாவில் இருப்பது நல்ல சிறுநீரகம் அனுப்பிய சிறுநீர். "யூரின் நார்மல்" என்ற சீட்டோடு அவரை வீட்டுக்கு அனுப்பவிடாதீர்கள். அவருக்கு அன்றே ஸ்கேன் தேவைப்படும்.

10. கல்ச்சரை அனுப்புவதும் படிப்பதும்

ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன் மாதிரி எடுக்கப்பட வேண்டும். வரிசையில் இது ஒன்று மாறினால் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஊசி போடும் அறையிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளுக்கோ வேறு லேபுக்கோ அனுப்பும்போது ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, துணி சுற்றி, நிற்கும்படி வையுங்கள். ஐஸில் நேராக ஒட்டி உறைந்துவிடக் கூடாது. வண்டி கிளம்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப மாதிரி வாங்குங்கள்.

உங்கள் லேபிலேயே போடுவதானால் 1 மைக்ரோலிட்டர் லூப்பைச் செங்குத்தாக முக்கி எடுங்கள், சாய்த்தால் அளவு கூடும். 35 முதல் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். தட்டில் 100 காலனி என்றால் மில்லிக்கு 1 லட்சம். ஆனால் 1 லட்சத்தை மந்திர எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். தெளிவான அறிகுறி உள்ளவரிடம் ஒரே வகைக் கிருமி 10,000 இருந்தாலும் சிறுநீரகத் தொற்றுக்குப் போதும். மூன்று வகை கலந்து வளர்ந்தால் பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் பிழை.

சென்சிடிவிட்டியில் நைட்ரோஃபியூரான்டாயின் வேலை செய்யும் என்று வந்தாலும் அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கான மருந்து. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. சீட்டில் "சிறுநீரகத் தொற்று சந்தேகம்" என்று எழுதியிருந்தால் ரிப்போர்ட் படிப்பவர் அதைக் கவனிப்பார்.

11. தனியாகப் பார்க்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள்: தொந்தரவே இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் வைத்தியம் வேண்டும். விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறவும், குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும். இதற்கு ஸ்ட்ரிப் போதாது, முதல் மூன்று மாதம் முடியும் சமயத்தில் ஒரு கல்ச்சர் தேவை. "வலது பக்கம் இழுத்துப் பிடிக்குது" என்று சொல்லும் கர்ப்பிணியின் வெப்பநிலையைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். கருப்பை அழுத்துவதால் வலது சிறுநீரகத்தில்தான் பெரும்பாலும் சிறுநீர் தேங்கும்.

சர்க்கரை நோயாளிகள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரில் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சுகர் 3+, 4+ காட்டும். அந்தச் சர்க்கரை லூக்கோசைட் கட்டத்தை அமுக்கும். இவர்களுக்கு மைக்ரோஸ்கோப்பைத் தவிர்க்கவே கூடாது. தொற்று இவர்களிடம் வேகமாக முற்றும்.

சிறு குழந்தைகள்: ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள், தோலின் கிருமி வளரும். அந்தப் பை மாதிரி ஸ்ட்ரிப்பில் சுத்தமாக இருந்தால் தொற்று இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்ல உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

சிறுநீர் டியூப் போட்டவர்கள்: சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். டியூபைச் சற்று நேரம் கிளாம்ப் செய்து, மாதிரி எடுக்கும் வாயைத் துடைத்து, ஊசியால் எடுங்கள். பல வாரமாக இருக்கும் டியூப் என்றால் அதை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுக்க வேண்டும். இவர்களிடம் வெள்ளை அணுவும் கிருமியும் பெரும்பாலும் இருக்கும், காய்ச்சல் போன்ற அறிகுறி இல்லாமல் அவற்றுக்கு மதிப்பில்லை.

12. என்.ஜி.ஏ.எல். போன்ற புது மார்க்கர்கள்

வெள்ளை அணுக்களும் அடிபட்ட சிறுநீரகக் குழாய்ச் செல்களும் வெளியிடும் புரதம் என்.ஜி.ஏ.எல். சிறுநீரகத் தொற்றில் சிறுநீரில் கூடும், குழந்தைகளில் இதைப் பற்றிய ஆய்வுகள் அதிகம். ஆனால் தொற்றே இல்லாமல் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தாலும் கூடும். பாக்டீரியா தொற்றில் கூடும் புரோகால்சிடோனின் ரத்தத்தில் பார்ப்பது. பெரிய லேபிலிருந்து இப்படி ஒரு எண் வந்தால் அதையும் ஒன்பதாம் பகுதியில் சொன்னதுபோல் மற்றவற்றோடு வைத்தே படிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பும் நல்ல மைக்ரோஸ்கோப்பும் ஒழுங்காகப் பார்க்காத இடத்தில் இவற்றுக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

13. வைத்தியம் தொடங்கிய பிறகு

48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கல்ச்சர் முடிவோடு நோயாளி டாக்டரிடம் திரும்பியிருக்கிறாரா என்று பாருங்கள். அடைப்போ சீழ்க்கட்டியோ இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். கல்ச்சர் முடிவு வந்து ரிஜிஸ்டரில் மட்டும் ஏறி, ஆளுக்குப் போய்ச் சேராமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. மாதிரி வாங்கும்போதே வீட்டில் எப்போதும் எடுக்கும் ஒரு போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் வயலில் இருப்பவருக்கு இரவு 7 மணிக்குக் கூப்பிட்டால்தான் கிடைப்பார்.

குணமானவருக்கு "கிளியர் ஆயிடுச்சா" என்று பார்க்க மறுபடி சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. வெள்ளை அணுக்கள் சில நாள் நீடிக்கும், அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு கோர்ஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். கர்ப்பிணிக்கு மட்டும், மருந்து முடிந்து 1 முதல் 2 வாரத்தில் கல்ச்சரைத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தத் தேதியைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி, கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.